மாக்கல் மேடைக்கு மஞ்சள் பூசிய கதை

சமையல் மேடைக்குக் கல் போடும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அளவெடுப்பது எப்படி, சிங்க் வைக்க ஓட்டை வெட்டுவது எப்படி என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். வராவிட்டால் வேறு வேலை பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் சொல்ல வந்தது கை ஓடாமல் நிற்கிற நேரத்தைப் பற்றி. வீட்டுக்காரர் ஒரு பக்கம் கத்துவார், கூட வந்த ஆள் ஆசிட் பாட்டிலைத் திறப்பான், எல்லோரும் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் உங்களை மேஸ்திரி என்று கூப்பிடலாமா வேண்டாமா என்று முடிவாகும்.

முப்பத்து நான்கு வருடம் இந்த வேலை பார்த்தேன். தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரை நான் போட்ட மேடைகளில் இன்றைக்கும் உலை கொதிக்கிறது. பெருமையாகத்தான் சொல்கிறேன். அடக்கமாகப் பேச எனக்கு வராது, இந்த வயதுக்கு மேல் கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. ஆனால் அத்தனை மேடைகளிலும் எதை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது என்று கேட்டால், நான் இரண்டு முறை சொதப்பிய ஒன்றைத்தான் சொல்வேன்.

திருவாரூருக்கும் கூத்தாநல்லூருக்கும் நடுவில் ஒரு ஊர். அங்கே லூர்தம்மாள் என்ற அம்மாவின் வீட்டு வேலை. கணவர் தவறிப்போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. மூன்று ஏக்கர் குத்தகை நிலத்தில் தானே நின்று நடவும் அறுப்பும் பார்த்து, ஒரே மகனைப் படிக்கவைத்து சிங்கப்பூருக்கு அனுப்பியவர். மகன் பெயர் அருள். கப்பல் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று அந்தம்மா எல்லோரிடமும் சொல்வார். புது வீடு அவன் கட்டுவது. தரைக்கு எந்த டைல்ஸ், வாசலுக்கு எந்த கிரில், சுவருக்கு என்ன நிறம் என்று எல்லாம் அங்கிருந்தே போனில் முடிவாகி வரும். பழைய ஓட்டு வீடு பக்கத்திலேயே இருந்தது. அந்தம்மா அதில் சமைத்துக்கொண்டு புது வீடு எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அளவெடுக்கப் போனேன். டேப்பை இழுத்துக்கொண்டே, "கருப்பு கிரானைட்டுதானேம்மா?" என்றேன். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. அந்தச் சமயம் எந்த வீட்டுக்குப் போனாலும் அதுதான்.

அவர் பழைய வீட்டுக்குள் போய் ஒரு கல்சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாக்கல்லில் குடைந்த சட்டி. மீன்குழம்பு கொதித்துக் கொதித்துக் கன்னங்கரேலென்று இருந்தது.

"மேஸ்திரி, இது எந்தக் கல்லோ அந்தக் கல்லுலயே மேடை போட முடியுமா?"

நான் சிரித்துவிட்டேன். "அம்மா, மாக்கல்லு நகம் பட்டாலே கீறும். பல்பம் பண்ற கல்லும்மா அது. அதுல மேடை போட்டா வர்ற பேரப்புள்ளைங்க அதுலயே அ, ஆ எழுதும்."

அவர் சிரிக்கவில்லை. "இந்தச் சட்டி நம்ம வீட்டுக்கு வந்து இருபது வருசம் ஆச்சு. புளி ஊத்துறேன், உப்புப் போடுறேன், கொதிக்கக் கொதிக்க எறக்கித் தரையில வைக்கிறேன். இதுக்கு என்ன ஆச்சு சொல்லுங்க?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இந்த வீட்டுல எல்லாம் அவன் இஷ்டம். நான் குறை சொல்லல மேஸ்திரி, அவன் உழைப்பு. ஆனா அடுப்புகிட்ட நிக்கப்போறது நான். அந்த மேடை ஒண்ணாச்சும் நான் எடுத்ததா இருக்கட்டும்."

அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் டெல்டாவில் கல் கிடையாது. எவ்வளவு தோண்டினாலும் களியும் மணலும்தான். எந்தக் கல்லானாலும் லாரி ஏறித்தான் வரவேண்டும். அதனால் கடைக்காரன் என்ன வைத்திருக்கிறானோ அதுதான் உலகத்திலுள்ள கல் என்று நமக்கும் பழகிப்போகிறது. மேடைக்கு ஏற்ற மாக்கல் பலகை எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று வாயால் சொல்ல மனசும் வரவில்லை. சேலம் பக்கம் சட்டி குடைகிறவர்கள் இருப்பது தெரியும். ஆள் பிடித்து, அவர்கள் சட்டிக்கு எடுக்கும் கல்லிலேயே ஒன்றரை அடி நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்து வரவழைத்தேன். வழவழவென்று அழகாக இருந்தது. லூர்தம்மாளிடம் கொடுத்து, "பாருங்கம்மா, நீங்க கேட்ட அதே கல்லு. சரின்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, மொத்தமா சொல்லிடுறேன்" என்றேன். வேலை முடிந்த மாதிரி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எட்டாம் நாள் தஞ்சாவூரில் என் கடை வாசலில் வந்து நின்றார். கையில் ஒயர் கூடை, அதன் கனத்தில் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"கண்டக்டரு கூடையத் தூக்கி ஓரமா வெக்கப் பாத்தாரு, முடியல. 'என்னம்மா, கல்லா கொண்டுபோறீங்க'ன்னாரு. 'ஆமாய்யா, கல்லுதான்'னேன். நான் கிண்டல் பண்றேன்னு நெனச்சுக்கிட்டாரு."

கூடையிலிருந்து நான் கொடுத்த துண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு விளிம்பு பொக்கை பொக்கையாக உதிர்ந்திருந்தது.

"என்னம்மா பண்ணீங்க?"

"சமைச்சேன்," என்றார். "புளியக் கரைச்சு ஒரு பகல் பூரா ஊத்தி வெச்சேன், ஒண்ணும் ஆவல. கொதிக்கிற சட்டிய எறக்கி வெச்சேன், ஒண்ணும் ஆவல. மீன் கழுவுனேன், வாடை நிக்கல. இந்த ஓரத்துல தேங்கா ஒடச்சேன் பாருங்க, அங்கதான் போச்சு. இது சட்டிக்கு உள்ள கல்லு மேஸ்திரி. சட்டியில யாரும் தேங்கா ஒடைக்க மாட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. நம் வீட்டுப் பெண்கள் மேடை விளிம்பில்தான் தேங்காய் உடைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? என் மனைவி தினமும் உடைக்கிறாள். கல்லைத் தேடும்போது அந்த நினைப்பே வரவில்லை. கல் அழகாக இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, அதன்மேல் என்ன நடக்கப்போகிறது என்று பார்க்கவில்லை. முப்பது வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு நான் பார்க்காததை அந்தம்மா எட்டு நாளில் பார்த்துவிட்டார். என் தொழிலில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் என்று இரண்டு பேரைச் சொன்னால் அதில் ஒருவர் லூர்தம்மாள்.

மாக்கல்லிலேயே இளகல் உண்டு, கெட்டி உண்டு. அன்றைக்குத்தான் ஒழுங்காக விசாரிக்க ஆரம்பித்தேன். நாலு இடம் அலைந்து, திருச்சி பக்கத்தில் ஒரு பெரிய கல் கிடங்கில், வடக்கேயிருந்து வந்த கெட்டியான மாக்கல் பலகைகள் இருப்பதாகத் தெரிந்தது. இந்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பச்சை கலந்த சாம்பல் நிறம், மெல்லிய வெள்ளை ரேகை. கிடங்குக்காரர் தண்ணீர் தெளித்துக் காட்டினார், அதன் பெருமைகளை அடுக்கினார். லூர்தம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு முழுத் தேங்காயை எடுத்தார். நாங்கள் தடுப்பதற்குள் பலகையின் விளிம்பில் ஒரே போடு.

கிடங்குக்காரர் ஐயோ என்று தலையில் கைவைத்தார். தேங்காய் இரண்டாகப் பிளந்தது. விளிம்பில் வெள்ளையாக ஒரு சின்னத் தடம், அவ்வளவுதான்.

"இது தேச்சா போயிடுமா மேஸ்திரி?"

"உப்புத்தாள் வெச்சுத் தேச்சா போயிடும்மா."

"அப்ப இதுதான்," என்றார். தேங்காய் மூடிகளைக் கீறி, லோடு ஏற்றுகிறவர்களுக்கும் கிடங்குக்காரருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். கிடங்குக்காரர் அதை வாயில் போட்டுக்கொண்டே பில் எழுதினார்.

அன்று சாயங்காலம் அருள் வீடியோவில் வந்தான். "ஏம்மா, ஊர்ல யாரு வீட்லயாச்சும் இந்த மாதிரிக் கல்லு இருக்கா? பளபளன்னு இருந்தாதானே புது வீடு? அண்ணே, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லக்கூடாதா?" என்று என்னைப் பிடித்தான். "சொன்னேன் தம்பி. அம்மாதான் எனக்கு எடுத்துச் சொன்னாங்க," என்றேன். அவன் அரைமனதோடுதான் போனை வைத்தான்.

சம்பா அறுவடை முடிந்த கையோடு மேடையைப் போட்டேன். விளிம்பைக் கூராக விடாமல் நன்றாக உருட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீடு மந்திரிப்பு, அதாவது கோயில் சாமியார் வந்து ஜெபம் சொல்லிப் புது வீட்டுக்குக் குடிபோகிற நாள்; வியாழக்கிழமை என் வேலை முடிந்தது. இங்கேதான் இரண்டாவது சொதப்பல். மாக்கல்லுக்கு வேறு பூச்சு எதுவும் வேண்டாம். லேசாக எண்ணெய் தடவித் துடைத்தால் சாம்பல் நிறம் போய்க் கருத்துவிடும். அதை நானே செய்துவிட்டு வந்திருக்க வேண்டும். மன்னார்குடியில் இன்னொரு வேலை காத்துக்கொண்டிருந்தது. வண்டியை உதைத்துக்கொண்டே, "நாளைக்கு எண்ணெய் தடவிடுங்கம்மா, கருகருன்னு வந்துடும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

கல்சட்டி வைத்துச் சமைக்கிற வீட்டில் உங்களில் யாராவது பிறந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இந்நேரம் புரிந்திருக்கும். புதுக் கல்சட்டியை அடுப்பில் ஏற்றுவதற்கு முன் பழக்குவார்கள். விளக்கெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்து உள்ளும் புறமும் பூசி ஊறவைப்பார்கள். மாக்கல்லுக்கு எண்ணெய் தடவு என்றால் லூர்தம்மாளுக்கு அதுதான். வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு, பதினைந்தடி மேடைக்கும் மஞ்சளும் விளக்கெண்ணெயும் பூசிவிட்டார்.

சனிக்கிழமை காலை அருளிடமிருந்து போன். ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டான். "அண்ணே, உடனே கிளம்பி வாங்க" என்றான். போனை வைத்துவிட்டான்.

பாலிஷ் மெஷின் ஓட்டுகிற சேகரையும் ஏற்றிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் விளக்கெண்ணெய் வாடை. மேடை முழுக்க மஞ்சள், அதுவும் ஒரே மாதிரி இல்லை. ஓரிடத்தில் திட்டு, ஓரிடத்தில் கைத்தடம், ஓரிடத்தில் வழிந்து காய்ந்த கோடு. அருளின் சூட்கேஸ் இன்னும் பிரிக்காமல் கூடத்தில் கிடந்தது. லூர்தம்மாள் மூலையில் நின்றார். இரண்டு கையும் மணிக்கட்டு வரை மஞ்சள்.

"திருவாரூர்ல கிரானைட்டுக்குச் சொல்லிட்டேன்," என்றான் அருள். "மூணு மணிக்கு வண்டி வருது. இதும்மேலயே ஒட்டிடலாம்னுட்டாங்க. நாளைக்குக் காலையில சாமியார் மந்திரிக்க வர்றாரு, ஊரே வரும். இதையா காட்டச் சொல்றீங்க?"

நான் லூர்தம்மாளைப் பார்த்தேன்.

"ஒட்டட்டும் மேஸ்திரி," என்றார். "எனக்கு எதுக்கு இந்த ஆசையெல்லாம்."

அந்த வார்த்தை என்னைக் கொன்றுவிட்டது. மேடை போனால் இன்னொரு மேடை போடலாம். இந்த வீட்டில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அது போனால் இனி எதையும் கேட்க மாட்டார்.

அதற்குள் சேகர் ஆசிட் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். "கையை எடுடா!" என்று போட்ட சத்தத்தில் அருளே திடுக்கிட்டான். சிமெண்டுக் கறையா, துருக் கறையா, எதுவானாலும் நம் ஆட்களுக்கு ஆசிட்டுதான். கல்லில் இருக்கிற வெள்ளை ரேகையை அது தின்றிருக்கும்.

அடுத்து நான் செய்ததைக் கவனித்துக்கொள்ளுங்கள். முதலில், "அருளு, அம்மா மேல தப்பில்ல. எந்த எண்ணெய், எப்படித் தடவணும்னு ஒண்ணுமே சொல்லாம ஓடுனது நான்" என்றேன். நல்ல மனிதன் என்று காட்டிக்கொள்ள அல்ல. யார் தப்பு என்று தேடிக்கொண்டிருக்கிற வரைக்கும் அந்த அறையில் யாரும் கல்லைப் பார்க்க மாட்டார்கள். தப்பை நான் எடுத்துக்கொண்டதும் எல்லோரும் மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரு கருவியையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கிழக்கு ஜன்னலுக்குக் கீழே மட்டும் மஞ்சள் வெளுத்திருந்தது. காலை வெயில் பட்ட இடம். கல்லுக்குள் இறங்கியிருந்தால் அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது.

"அம்மா, சீயக்காய் இருக்கா?"

அவர் மூலையை விட்டு நகர்ந்து எடுத்து வந்தார். ஒரு ஓரத்தைக் கழுவினேன், எண்ணெய் போனது. மெல்லிசாக மஞ்சள் நின்றது. பொடி உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துப் பத்து இழுப்பு இழுத்தேன். உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் சுத்தமான கல் வந்தது.

"கல்லு குடிக்கல," என்றேன். "மேலதான் நிக்குது. அருளு, மூணு மணி வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள பாதி மேடையாவது இந்த மாதிரி வரலைன்னா, என் கையாலயே கிரானைட் ஒட்டித் தரேன்."

மெஷினைப் போடலாம் என்றான் சேகர். மெத்தென்ற கல்லில் மெஷின் பள்ளம் பறிக்கும், புதுச் சுவரெல்லாம் சேறாகும். கையால்தான் என்றேன். இரண்டு பேரும் தேய்க்க ஆரம்பித்தோம். பதினைந்தடி. பாதியாவது மூன்று மணிக்குள் வருமா என்று எனக்கே சந்தேகம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அருள் வாசல்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றான். கொஞ்ச நேரத்தில் பொறுக்க முடியாமல், "அண்ணே, அவரு அப்படி ஒரே எடத்துல அழுத்துனா அலை விழும்" என்றான். உள்ளே வந்தான். ஜன்னல் வேலையில் மிஞ்சிய மரத்துண்டு ஒன்றை எடுத்து, உப்புத்தாளை அதில் இறுக்கிச் சுற்றினான். நனைத்தான். மேடையின் ஒரு முனையிலிருந்து நீளமாக இழுத்தான். கை மட்டும் போகவில்லை, இடுப்பிலிருந்து உடம்பே கூடப் போனது. ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் இடைவெளி தெரியவில்லை. எத்தனையோ பாலிஷ்காரர்களோடு வேலை செய்திருக்கிறேன், அந்தக் கை வேறு.

"எங்க தம்பி கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

அவன் நிமிரவில்லை. "கப்பல்லதான் அண்ணே. பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி இரும்பைத் தேய்க்கணும்ல. ஒம்பது வருசமா அதான் வேலை."

லூர்தம்மாள் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அவன் விரல்களைப் பார்த்தார், முழங்கையிலிருந்த பழைய தழும்பைப் பார்த்தார். சூப்பர்வைசர் என்ற வார்த்தை அந்த அறையில் யார் வாயிலும் வரவில்லை. அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சீயக்காய்க் கிண்ணத்தோடு மகன் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ தேய்ப்பா. நான் கழுவி விடுறேன்."

மூன்று மணிக்கு கிரானைட் வண்டி வாசலில் ஹாரன் அடித்தது. முக்கால் மேடை முடிந்திருந்தது. அருள் ஈரக் கையோடு வெளியே போனான். "மன்னிச்சுக்கங்க, வேணாம். வந்ததுக்கு வாடகையக் குடுத்துடுறேன்" என்ற சத்தம் எங்களுக்குக் கேட்டது. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தேய்த்தான்.

சாயங்காலம் வெயில் இருக்கும்போதே முடித்துவிட்டோம். இந்த முறை தேங்காய் எண்ணெயை நானே துணியில் தொட்டுத் தடவினேன். சாம்பல் நிறம் எங்கள் கண்ணெதிரே கருத்துக்கொண்டு வந்தது. சுவரோடு சேரும் இடுக்கில், கை எட்டாத இடத்தில், நூல் மாதிரி ஒரு மஞ்சள் கோடு மட்டும் நின்றது. உளியால் சுரண்டப் போனேன். "அது இருக்கட்டும் மேஸ்திரி, நல்ல நாளும் அதுவுமா," என்றார் லூர்தம்மாள்.

அன்றிலிருந்து, எந்த வீட்டுக்கு மேடை போட்டாலும், கல் முடிவாவதற்கு முன் ஒரு துண்டை அடுப்படியில் எட்டு நாள் விட்டுவிட்டு வருவேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். சமைக்கிறவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று மட்டும் கேட்பேன். எண்ணெயை நானே தடவிவிட்டுத்தான் வண்டியைத் தொடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இதைவிடப் பெரிய ரகசியம் எதுவும் என்னிடம் இல்லை.

மறுநாள் மந்திரிப்புக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாமியார் ஜெபம் சொல்லி ஒவ்வொரு அறையாகத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். பின்னாலேயே ஊர் முழுக்க அடுக்களைக்குள் வந்தது. அருளின் பெரியப்பா மேடையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஏன்டா அருளு, சிங்கப்பூர்ல இருக்கிறவன் வீட்டுல இப்படியா ஒரு கல்லு? முகம் பாக்குற மாதிரி மின்ன வேணாமா?"

அடுப்பருகே நின்ற லூர்தம்மாளின் கையில் கரண்டி அப்படியே நின்றது. இதற்கு நான் பதில் சொல்லக்கூடாது, யார் சொல்ல வேண்டுமோ அவன் சொல்ல வேண்டும்.

அருள் மேடையின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தான். "எங்கம்மா எடுத்த கல்லு பெரியப்பா," என்றான். "நான் தேச்ச கல்லு. அங்க கப்பல்ல தேய்க்கிறேன், இங்க இதைத் தேச்சேன்."

லூர்தம்மாள் கரண்டியை வைத்தார். மீன்குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த கல்சட்டியைத் துணியால் பிடித்து இறக்கினார். அடியில் பிரிமணைகூட வைக்காமல், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அதை நேராக அந்த மேடையின் நடுவில் வைத்தார்.